பேத்தியின் பெயருக்கு ஓர் ஒத்திகைத் தேர்தல்

அளவில்லாத கருணை உள்ள அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். அன்பு மகன் குபாத்துக்கும், மருமகள் ஐஜமாலுக்கும், பெரியவள் அய்தானாவுக்கும், சின்னவள் பெர்மெத்துக்கும், இன்னும் பெயரில்லாமல் தொட்டிலில் கிடக்கும் என் குட்டித் தங்கத்துக்கும் அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் ஆடுகளும் அடுப்பும் அவன் தயவில் சுகமாக இருக்கிறோம், பசு மட்டும் லேசாக இருமுகிறது, அதுவும் சரியாகிவிடும். அங்கே நீங்கள் ஐந்து பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பாதியில் உன் அப்பா பிடுங்கிக்கொள்வார், மீதிப் பாதியை உன் பெரியப்பா ஒலிபெருக்கியில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார். இது முழுதாக, வரிசையாகச் சொல்ல வேண்டிய சங்கதி. அதனால் நீங்கள் இருக்கும் எகத்தரின்பர்க்குக்கு பஸ் ஏறுகிற எதிர்வீட்டுப் பையன் கையில் காய்ந்த தயிருருண்டை குருத் மூட்டையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். ஐஜமாலைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசி. நான் எழுதும்போதே சிரித்துச் சிரித்து எழுத்து கோணிக்கொண்டு போகிறது, கண்டுகொள்ளாதே.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் அவர் இருந்தாரா இவர் இருந்தாரா என்று குழம்புவாய். இடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கூடம். மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்த பெண் தான்சுலு. நம் வாக்குச்சாவடிக் குழுவின் தலைவி சுயும்கான் டீச்சர். குழுவில் அடுத்த வீட்டுக் கலிப்பா, நூலகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், நான். ஒத்திகைக்கு வாக்காளர்களாக வந்த ஆண்களில் உன் அப்பா, உன் பெரியப்பா, நம் பள்ளிவாசல் இமாம், உன் அப்பாவோடு தினமும் டீ குடிக்கிற கூட்டாளிகள் மூன்று பேர். தான்சுலுவை விட்டால் பதினோரு ஓட்டு. இந்தப் பதினொன்றை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்றால், தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று நான் வரிசை தவறாமல் குறித்து வைப்பது டீச்சருக்குத் தெரியும், அதனால் மெஷினை இயக்க நீதான் சரி என்று என் பெயரைக் கொடுத்துவிட்டாள். நம் துணி துவைக்கிற மெஷினையே தப்பாக அழுத்தி உன் அப்பாவின் தொப்பியைக் குழந்தைத் தொப்பியாக்கினவள் நான், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள். ஓட்டு மெஷினை ஊர் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஏற்றிவரும் பொறுப்பு நம் நிவா காருக்கு வந்தது. உன் அப்பா மெஷினை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார். நான் பின்சீட்டில் பொரித்த போர்சோக் பலகாரச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த நாளில்கூட அவர் எனக்கு பெல்ட் போட்டதில்லை.

வழி முழுக்க அவர் ஒரே பேச்சுத்தான் பேசினார், அது உனக்கும் தெரிந்த பேச்சு. முதல் இரண்டும் பெண், மூன்றாவதும் பெண், இதற்குத் 'திரும்பு' என்கிற புருல் பெயரை வைத்தால் அடுத்தது ஆணாகத் திரும்பும், தன் அத்தைக்கு அப்படி வைத்த பிறகுதான் அந்த வீட்டில் நான்கு ஆண்கள் வரிசையாகப் பிறந்தார்கள் என்று. நான் கதீஜா என்று வைக்கலாம், நபியின் வீட்டு முதல் பெண்மணியின் பெயர், அதைவிட என்ன வேண்டும் என்று சொன்னேன். அவர் கியரைப் படாரென்று போட்டார். நீ வேறு போனில் 'அப்பா சொன்னா சரி' என்று சொல்லிவிட்டாய். பதிவு அலுவலகத்திலிருந்து பெயர் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது என்றும் சொன்னாய். வரும் வெள்ளிக்கிழமை போனைக் குழந்தையின் காதில் வைக்கச் சொல்லி, பாங்கு சொல்லி, மூன்று தரம் 'புருல்' என்று கூப்பிட்டுவிடுவேன், அதோடு தீர்ந்தது என்றார் உன் அப்பா. ஐஜமால் போனில் 'சரி அத்தை' என்று சொன்னாள், அந்தச் 'சரி' எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று எனக்குக் கேட்டது. என் நெஞ்சில் அது கல்லாகக் கிடந்தது மகனே. ஒரு குழந்தை ஆயுசு முழுக்க 'திரும்பு, திரும்பு' என்று கூப்பிடப்படுவதா?

சரி, கூடத்துக்கு வருகிறேன். தான்சுலு மேசையில் மெஷினை வைத்து வயரை மாட்டினாள். புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் மூடாமல் விடுவோமா, நான் இரண்டு நாளாக உட்கார்ந்து பூவேலை செய்து ஒரு உறை தைத்துக் கொண்டு போயிருந்தேன், ஓரத்தில் ஆட்டுக்கொம்புக் கோலம் வைத்து, டெலிவிஷன் உறையைவிட அழகாக வந்திருந்தது. தான்சுலு திரும்பிப் பார்ப்பதற்குள் போட்டுவிட்டேன். மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. அவள் ஓடிவந்து, "அம்மா, இதுக்குக் குளிராது, துணியை எடுங்க, மூச்சு முட்டுது" என்றாள். கலிப்பா சும்மா இருப்பாளா, "அடியே, மெஷினுக்கு முக்காடு போட்டுட்டியே, நிக்காஹ் எப்போ? மாப்பிள்ளை யாரு?" என்றாள். இமாம் தாடிக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு தான்சுலு பயிற்சிக்கான சீட்டுகளை எடுத்தாள். அதில் ஆள் பெயர் எதுவும் இல்லை, முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர், கடைசியில் 'எல்லோருக்கும் எதிர்' என்று மட்டும் இருந்தது. யாராவது மூன்று பேரை மனதில் நினைத்துக்கொண்டு ஓட்டுப் போடுங்கள், ஓட்டுப் போட்டுப் பார்த்தால்தான் கை பழகும் என்றாள். உடனே கலிப்பா எழுந்து நின்று, "நினைக்கிறது எதுக்கு? இதோ இவங்க வீட்டுல நிஜமாவே ஒரு போட்டி நடக்குது. முதலாமவர் புருல், தாத்தாவோட வேட்பாளர். இரண்டாமவர் கதீஜா, பாட்டியோடது. மூன்றாமவர் நெஸ்ரின், அது என்னோடது, துருக்கி நாடகத்துல வர்ற பொண்ணு, கண்ணே அவ்வளவு அழகு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பா கோபப்படுவார் என்று பார்த்தால் மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வைங்க தேர்தலை! மெஷின் பொய் சொல்லாது. எது ஜெயிக்குதோ அதுதான் என் பேத்திக்குப் பேர். இமாம் சாட்சி!" என்றார். கலிப்பா விடவில்லை, "உங்களுக்கே ஒரு மாசத்தோட பேரை வச்சாங்க, பிறந்தது வசந்தத்துல. உங்க வீட்டுல பேர் வைக்கிறவங்களை நம்பலாமா மச்சான்?" என்றாள். கூட்டாளிகள் மூன்று பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அவர் எதற்கு இவ்வளவு துணிந்தார் என்று எனக்குத் தெரியும். ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார். தான்சுலு, "தாத்தா, வாக்குச்சாவடிக்குள்ள பிரசாரம் கூடாது" என்றதும் பெரியப்பாவையும் இமாமையும் கூட்டாளிகளையும் பனியில் வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையால் பிடித்துக் குலுக்குகிறார். உன் பெரியப்பா குரல்தான் சுவரைத் தாண்டி வருமே, "உன் பக்கம்தான்டா தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு!" என்றார். உள்ளே வந்தபோது உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி. ஐந்து ஓட்டு உறுதி, தன்னுடையதோடு ஆறு, மொத்தமே பதினொன்று. நானும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. போயிற்று என் கதீஜா என்று ஓரமாகப் போய் ஒரு போர்சோக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

இனிமேல்தான் பெரிய கூத்து. ஓட்டுப் போட வருகிறவர் ஒரு கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும், திரையில் முகமும் பெயரும் வரும், பெயர் அச்சான ஒரு துண்டுச்சீட்டு வரும், அதற்குப் பிறகுதான் ஓட்டுச்சீட்டு கொடுப்போம். இயக்குகிறவள், அதாவது நான், அந்தப் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் காதில் விழ வேண்டுமாம். முதலில் வந்தவர் உன் பெரியப்பா. கருவி விரலைப் படித்தது, சீட்டு வந்தது, நான் வாயைத் திறந்தேன், நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. உனக்குத் தெரியாதா, அவர் பெயரில் இரும்பு இருக்கிறது என்பதற்காக நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரும்பை 'கெட்டிச் சாமான்' என்றுதானே சொல்கிறேன், நீ சின்ன வயதில் கடையில் போய் 'கெட்டிச் சாமான் ஆணி' கேட்டு அழுதுகொண்டு திரும்பி வந்தாயே. "முனைவீட்டுப் பெரியவர்" என்றேன். தான்சுலு, "பேரும்மா, பேரு" என்றாள். "கெட்டிச் சாமான் பெரியவர்" என்றேன். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. டீச்சர் உதவிக்கு வந்து சீட்டை வாங்கினாள், பார்த்தாள், முகம் சிவந்தது, கலிப்பாவிடம் நீட்டினாள், கலிப்பா அதை நெருப்பு மாதிரி நூலகப் பெண்களிடம் தள்ளினாள், அவர்கள் திரும்ப என்னிடமே கொடுத்தார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, குழுவில் நாங்கள் ஐந்து பெண்களும் ஒரே குலத்துக்கு வந்த மருமகள்கள், பட்டியலில் பாதி எங்கள் மாமனார்களும் மூத்த மைத்துனர்களும். வாக்காளரின் பெயரை வாசிக்க ஒரு நாக்குக்கூட இல்லாத வாக்குச்சாவடி! தான்சுலு தலையில் கை வைத்துக்கொண்டு, "எனக்கும் என் மாமனார் பேர் வாயில வராதும்மா. நல்லவேளை எங்க ஊர்ல எனக்கு டியூட்டி போடல" என்றாள். இமாமைப் பார்த்தோம். "மார்க்கத்துல இதுக்குத் தடை ஒண்ணும் இல்லை, இது நாமளா வச்சுக்கிட்ட மரியாதை" என்றார். கடைசியில் உன் பெரியப்பாவே, "சொல்லும்மா, நான் என்ன உருகியா போயிடுவேன்?" என்றார். பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அவர் உருகவில்லை, எனக்குத்தான் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

அதன் பிறகு வேலை ஓடியது. கூட்டாளிகளில் குட்டையானவர் சீட்டை மெஷினின் வாயில் கொடுத்தார், நம் வழக்கப்படி இரண்டு கையாலும், லேசாகக் குனிந்து. மெஷின் இழுத்தது, அவர் விடவில்லை, எதிரில் இருப்பவர் நன்றாகப் பிடித்துக்கொண்டாரா என்று தெரியாமல் எப்படி விடுவது? மெஷின் இழுக்க இவர் இழுக்க, அது கூவத் தொடங்கியது. கலிப்பா, "விடுங்க மாமா, அது விருந்தாளி இல்லை, 'போதும் போதும்'னு சொல்லாது" என்றாள். புதுச்சீட்டுக் கொடுத்து மறுபடி போடச் சொன்னோம். கிழிந்த சீட்டைத் தனியாக உறையிலிட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டேன், விதி அப்படி.

கடைசியாக வந்தவர் உன் அப்பா. கட்டைவிரலை வைத்தார். சீட்டு வந்தது. குபாத், நீ பிறந்த மாதத்தின் பெயர்தானே அவருக்கும், அதனால் அந்த மாதத்தைக்கூட நான் 'ஒன்பதாவதுக்கு அடுத்த மாதம்' என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன், பள்ளியில் உன்னைச் சேர்த்தபோது டீச்சர் விரல்விட்டு எண்ணி எழுதிக்கொண்டாளே. கலிப்பா வாயில் முக்காட்டு நுனியை அடைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் எழுந்து நின்றேன். சொன்னேன். நல்ல சத்தமாகவே சொன்னேன், சுவரில் பட்டு எதிரொலித்தது. இப்போது எழுதலாமென்றால் கை வரவில்லை, நீயே தெரிந்துகொள். உன் அப்பாவுக்குக் காது இரண்டும் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது, நிக்காஹ் அன்று பார்த்த அதே காது. ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு திரைமறைவுக்குள் போனார். போனவர் வரவில்லை. ஒரு கட்டத்தில் குறி போட இவ்வளவு நேரமா என்று நாங்கள் பார்க்கிறோம், திரைக்குக் கீழே அவர் பூட்ஸ் தெரிகிறது, அசையவில்லை. உள்ளே போன் வெளிச்சம் ஒரு தரம் மின்னியது. தான்சுலு, "தாத்தா, போன் உள்ளே கூடாது" என்றாள். "கண்ணாடிக்குப் பதிலா வெளிச்சம் பிடிக்கிறேன்மா" என்று பதில் வந்தது. வெளியே வந்து சீட்டைப் போட்டார், ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

நான் பொத்தானை அழுத்த, மெஷின் முடிவைத் தாளில் கக்கியது. தான்சுலு வாசித்தாள். நெஸ்ரின் ஒன்று. கதீஜா இரண்டு. எல்லோருக்கும் எதிர் எட்டு. புருல், ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை! முதலில் எழுந்தது உன் பெரியப்பா. "அதெப்படி? நாங்க யார் போட்டோம் போடலைங்கிறது இருக்கட்டும், என் தம்பியோட ஓட்டாவது விழுந்திருக்கணுமே! மெஷின் திருடுது! கையால எண்ணுங்க!" என்று கத்தினார். உன் அப்பா ஜன்னலிலிருந்து திரும்பி, "விடுங்கண்ணே, பயிற்சிதானே" என்றார். "என்னத்தை விடுறது? உனக்கு அநியாயம் நடக்குது, நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" "அண்ணே, வேணாம்ணே." "நீ சும்மா இரு, டீச்சர், பெட்டியைத் திறங்க!" மெஷின் கணக்கும் கைக்கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் பாடத்தில் இருக்கிறது என்று தான்சுலு சொல்லவும் டீச்சர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டினாள். உன் அப்பா பாவம், பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினோரு சீட்டு. புருல் ஒன்றுமில்லை. பெரியப்பா வாய் மெல்ல மூடியது, தம்பியைப் பார்த்தார், எல்லாரும் அவரைப் பார்த்தோம். "டேய்," என்றார், "உன் ஓட்டு எங்கேடா?" உன் அப்பா நிமிர்ந்து, "ரகசிய வாக்கெடுப்பு. யாரும் கேட்கக்கூடாது. தான்சுலு, சட்டம் என்ன சொல்லுது?" என்றார். "கேட்கக்கூடாதுதான் தாத்தா" என்று அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் இமாமின் தொப்பி கீழே விழுந்தது.

கதீஜாவுக்கு விழுந்த இரண்டில் ஒன்று யாருடையது என்று நான் சொல்லக்கூடாது, நீ என் மகன், உனக்கே தெரியும். ஆனால் அந்த எட்டு எப்படி வந்தது? யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நூலகத்துப் பெண்களில் சின்னவள், இதுவரை வாயே திறக்காதவள், அவளுக்கும் மூன்று பெண் குழந்தைகள், "நாம எல்லாரும் போட்டி போட்டோமே, பெத்தவளைக் கேட்டோமா அக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பாவோடு கதீஜா கதீஜா என்று மல்லுக்கட்டினேனே, நானும் கேட்கவில்லை. தான்சுலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் எதிர் என்பது ஜெயித்தால் மறுதேர்தல், தோற்ற வேட்பாளர்கள் அதில் நிற்க முடியாது, புது வேட்பாளர் வேண்டும் என்றாள். "அந்தப் பேரை அவங்க அம்மாகிட்டயே கேளுங்க" என்றார் உன் அப்பா, ஜன்னல் பக்கமிருந்து. அதற்கு ஓட்டெடுப்பு எதுவும் வைக்கவில்லை, எல்லாரும் ஆமின் சொல்லி முகத்தில் கையைத் தடவிக்கொண்டார்கள். வேண்டிக்கொண்டது மெஷினுக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது மெஷினை அலுவலகத்தில் இறக்கிவிட்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். உன் அப்பா வண்டியை எடுக்கவில்லை. நீ அனுப்பிய படத்தைப் போனில் திறந்து என்னிடம் காட்டினார், பொட்டலம் மாதிரி சுற்றி வைத்திருக்கிறீர்களே, அந்தப் படம். "இதைப் பாரு, நேரா என்னையே பார்க்குது. இதைப் போய் 'திரும்பு'ன்னு எப்படிடி கூப்பிடறது?" என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அங்கே என் பேரைச் சொன்னியே, இன்னொரு தரம் சொல்லு" என்றார். தேர்தல் அன்று வரிசையில் நின்று விரலை வையுங்கள், சொல்கிறேன் என்றேன். எனக்கு பெல்ட் போட்டுவிட்டார். வீடு வரும்வரை இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தோம், அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கி வழிந்து கிடந்தது, அதற்கும் சிரித்தோம்.

மகளே ஐஜமால், இதற்குமேல் உனக்கு எழுதுகிறேன். ஒன்பது மாதம் அவளை வயிற்றில் வைத்திருந்தபோது மனதுக்குள் ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய், கூப்பிடாத தாய் இல்லை. அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டும். மாமனார் என்ன நினைப்பார், மாமியார் என்ன நினைப்பாள் என்று பார்க்காதே, இந்தத் தேர்தலில் நாங்கள் எல்லாரும் தோற்றுப்போனவர்கள், எங்களுக்கு நிற்க உரிமை கிடையாது. நீ சொல்கிற பெயர் ஒன்றுதான் வேட்பாளர். அது வந்த பிறகுதான் உன் மாமனார் வெள்ளிக்கிழமை போனில் பாங்கு சொல்வார், மூன்று தரம் அதையே கூப்பிடுவார், எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், பழகிக்கொள்ள இப்போதே கேட்கிறார். நாற்பது நாள் முடியும்வரை குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே, காலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள், சின்னவள் பெர்மெத் பொறாமைப்பட்டால் அவளை முதலில் தூக்கிவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்கு. குபாத், நீ பாத்திரம் தேய், ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். ஜும்ஆவை விடாதே. மூட்டையில் குருத்தும் உலர்ந்த ஆப்பிளும், தனிப் பொட்டலத்தில் அந்த ஆட்டுக்கொம்புக் கோல உறையும் இருக்கின்றன, மெஷினுக்குத்தான் வேண்டாமாம், தொட்டிலுக்கு மேலே போடுங்கள், முகத்தை மட்டும் மூடாமல்.

அல்லாஹ் உங்கள் ஐந்து பேரின் கால்களையும் நல்ல வழியில் நடத்தட்டும், கையில் எடுப்பதில் எல்லாம் பரக்கத் தரட்டும், மூன்று பெண்களும் நூறு வயது வாழ்ந்து உங்களைத் தாங்கட்டும், நான்காவது எது வந்தாலும் அவன் கொடுத்தது என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுப் பையன் அங்கிருந்து திரும்ப நாளாகும், அதனால் பெயரை மட்டும் போனில் எழுதி அனுப்பு, பெரிய எழுத்தில், என் போனுக்கு, அப்பா போனுக்கு அல்ல. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உன் அம்மா,
பாத்மகான்,
நம் ஊர் வாக்குச்சாவடியின் மெஷின் இயக்குகிறவள்